மூன்று மதுப்புட்டிகளும் ஓர் இரும்புக் கம்பியும்

1752-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி, பாரிஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மார்லி-லா-வில் என்னும் சிற்றூரில், ஒரு தோட்டத்தின் நடுவே 40 அடி உயரமுள்ள ஓர் இரும்புக் கம்பி வானத்தை நோக்கி நின்றுகொண்டிருந்தது. நின்றது என்றாலும் அது மண்ணைத் தொட்டு நிற்கவில்லை. அதன் அடிமுனை ஒரு சதுரப் பலகையின்மீது ஊன்றியிருக்க, அந்தப் பலகையோ மூன்று மதுப்புட்டிகளைக் கால்களாகக் கொண்டிருந்தது. காற்றில் சாய்ந்துவிடாதபடி கம்பியைப் பக்கத்து மரத்தூண்களோடு பிணைத்திருந்தார்கள். பிணைத்தவை சணற்கயிறுகள் அல்ல, பட்டுக் கயிறுகள். மழை பெய்தால் புட்டிகளும் பலகையும் நனையாதிருக்க ஒரு சிறு காவற்கூண்டும் கட்டியிருந்தார்கள். ஊர் மக்களுக்கு இது விபரீதமான விளையாட்டாகவே தோன்றியிருக்க வேண்டும். ஆனால், மனிதன் ஆகாயத்தை நோக்கி அதுவரை கேட்ட கேள்விகளுள் மிகத் துணிச்சலான ஒன்றை அந்தக் கம்பிதான் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததற்கு இரும்பு எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் அந்த மூன்று புட்டிகளும் ஆகும்.

இடி, மின்னல் பற்றிய பழைய பரிசோதனைகளைக் கூறும் புத்தகங்கள் பலவும் பட்டத்தையும் சாவியையும் பற்றியே பேசி முடித்துவிடுகின்றன. அவற்றைப் படித்த பிள்ளைகளின் மனத்தில் பதிவதெல்லாம், புயலின் நடுவே பட்டம் விட்ட ஒரு வீரரின் சித்திரம்தான். அந்தப் பரிசோதனைகளின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். கம்பிக்கும் நிலத்துக்கும் தொடர்பு உண்டா, இல்லையா என்ற ஒரே வினாவில்தான் கண்டுபிடிப்பும், உயிருக்குக் காப்பும், உயிருக்கு ஆபத்தும் ஆகிய மூன்றும் அடங்கியிருந்தன. இதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் காண்டர்பரி நகரத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கிரே என்பவர் சாயத்தொழில் செய்து பிழைத்தவர். முதுமையிலும் வறுமையிலும் மின்சார ஆராய்ச்சியை விடாதவர். துணியால் தேய்த்த கண்ணாடிக் குழாய், இறகையும் மெல்லிய பித்தளைத் தகட்டையும் தன்பால் இழுக்கும் என்பது அந்நாளில் அனைவரும் அறிந்த செய்தி. அந்த இழுக்கும் குணத்தை ஒரு கயிற்றின் வழியே தூரத்துக்கு அனுப்ப முடியுமா என்று 1729-ஆம் ஆண்டில் அவர் தம் நண்பர் வீலர் என்பவரின் மாளிகையில் சோதித்துப் பார்த்தார். நீளமான கயிறு தரையில் புரளாதபடி அதைத் தாங்கி நிறுத்த வேண்டும் அல்லவா? முதலில் மெல்லிய பட்டு நூல்களைக் குறுக்கே கட்டி, அவற்றின்மேல் கயிற்றைச் செலுத்தினார்கள். கயிற்றின் மறுமுனையில் தொங்கிய தந்தப் பந்து தகட்டை இழுத்தது. கயிற்றை மேலும் மேலும் நீட்டியபோது, பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்துபோயிற்று. பட்டைவிட உறுதியாகவும், அதே அளவு மெல்லியதாகவும் இருக்கட்டும் என்று பித்தளைக் கம்பியை அவ்விடத்தில் கட்டினார்கள். கயிறு நன்றாகத் தாங்கிற்று. மின்சாரம் மாத்திரம் மறுமுனைக்குப் போய்ச் சேரவே இல்லை. குழாயை எவ்வளவு பலமாகத் தேய்த்தும் பயனில்லை. தாங்கும் பொருளின் பருமன் அன்று, அதன் தன்மையே முக்கியம் என்பது அந்தக் கணத்தில் அவர்களுக்கு விளங்கிற்று: பட்டு மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது, பித்தளை அதைச் சுவருக்கும் மண்ணுக்கும் கடத்திவிடுகிறது. உலகில் உள்ள பொருள்களையெல்லாம் கடத்துவன, கடத்தாதன என்று இரண்டாகப் பிரிக்கும் அந்தப் பேருண்மை, அறுந்துபோன ஒரு பட்டு நூலிலிருந்து பிறந்தது. மார்லி கிராமத்துப் பட்டுக் கயிறுகளும் மதுப்புட்டிகளும் இந்தச் சாயத்தொழிலாளியின் வழித்தோன்றல்களே.

அடுத்து வந்தது லேடன் ஜாடி. 1745-ஆம் ஆண்டில் பொமரேனியாவில் கிளைஸ்ட் என்பவரும், 1746-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாலந்து தேசத்து லேடன் நகரில் முசன்புரூக் என்னும் பேராசிரியரும், நீர் நிரம்பிய கண்ணாடிக் குப்பியில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கலாம் என்பதைத் தனித்தனியே, தற்செயலாகக் கண்டறிந்தார்கள். ஒரு கையில் குப்பியை ஏந்தி, மறுகையால் அதன் கம்பியைத் தொட்ட முசன்புரூக்குக்கு உடலெல்லாம் உலுக்கி எடுத்தாற்போன்ற அதிர்ச்சி உண்டாயிற்று. பிரெஞ்சு ராஜ்யம் முழுவதையும் தருவதாகச் சொன்னாலும் இதை மறுபடி செய்யமாட்டேன் என்று அவர் பாரிஸ் நண்பருக்கு எழுதினார். பாரிஸிலோ நோலே என்னும் பாதிரியார், அரசர் முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து, அத்தனை பேரையும் ஒரே நொடியில் துள்ளிக் குதிக்கச் செய்தார். அரண்மனைக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆயினும் சிந்தனையாளர்களுக்கு அந்த ஜாடியின் பளிச்சென்ற பொறியும், படீரென்ற ஓசையும், உடலைத் தாக்கும் வேகமும் வேறொன்றை நினைவூட்டின. தேய்த்த அம்பரில் எழும் வெளிச்சமும் சடசடப்பும் மின்னலையும் இடியையும் ஒத்திருக்கின்றன என்று வால் என்னும் ஆங்கிலேயர் 1708-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். ஒப்புமை சொன்னவர்கள் பலர். ஒப்புமையை நிரூபிக்க வழி சொன்னவர்தாம் இல்லை.

அந்த வழியைச் சொன்னவர் அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால், பிலடெல்பியா நகரில் அச்சுக்கூடம் நடத்திப் பொருளீட்டி, 1748-ஆம் ஆண்டில் அத்தொழிலிலிருந்து ஓய்வுபெற்றிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின். 1749 நவம்பரில் அவர் தம் குறிப்பேட்டில் மின்னலுக்கும் மின்சாரத்துக்கும் பொதுவான குணங்கள் பன்னிரண்டை வரிசையாக எழுதினார்: ஒளி விடுதல், ஒளியின் நிறம், கோணல்மாணலான போக்கு, விரைவு, உலோகத்தின் வழியே பாய்தல், வெடியோசை, உயிர்களைக் கொல்லுதல், உலோகத்தை உருக்குதல், கந்தக நெடி என்று இப்படி. கூர்முனையுள்ள ஊசியொன்று, மின்னேற்றம் பெற்ற உருண்டையின் மின்சாரத்தை எட்ட இருந்தபடியே ஓசையின்றி ஈர்த்துவிடும் என்பதை அவர் முன்பே கண்டிருந்தார். மேகத்தில் இருப்பதும் மின்சாரமே என்றால், கூர்முனைக் கம்பி அதையும் ஈர்க்க வேண்டும் அல்லவா? ஆகவே உயர்ந்த கோபுரத்தின்மேல் காவற்கூண்டு ஒன்றை அமைத்து, அதிலிருந்து கூரிய இரும்புக் கம்பியொன்றை நிமிர்த்தி, அதன் அடியில் மின்சாரத்தைக் கடத்தாத ஆசனத்தில் ஒருவர் நின்று, புயல்மேகம் கடக்கும்போது பொறி எழுகிறதா என்று பார்க்கலாம் என 1750-இல் லண்டனிலிருந்த தம் நண்பர் பீட்டர் காலின்சனுக்கு எழுதினார். அக்கடிதத்திலேயே இன்னொரு யோசனையும் கண்டது. நிற்பவருக்கு ஆபத்து நேருமென்ற அச்சம் இருந்தால், அவர் தாம் தரையிலேயே நின்றுகொண்டு, நிலத்தோடு இணைந்த ஒரு கம்பியை மெழுகுக் கைப்பிடியால் பற்றி, அதை இரும்புக்கு அருகில் கொண்டுபோகலாம்; அப்போது பொறி கம்பியிலிருந்து கம்பிக்குத் தாவுமேயன்றி மனிதர்மேல் பாயாது. வாசகர்கள் இந்த மெழுகுக் கைப்பிடியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிராங்க்ளினின் கடிதங்கள் 1751-இல் லண்டனில் புத்தகமாக வெளிவந்தன. அதைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்த தலிபார் என்பவர்தாம் மார்லியில் கம்பியை நாட்டியவர். குறிப்பிட்ட நாளில் அவர் பாரிஸில் இருந்தார். கம்பியைக் காத்திருந்தவர் கோவாபியே என்னும் முதிய மனிதர். ஒருகாலத்தில் குதிரைப்படையில் பணியாற்றியவர். பிற்பகல் இரண்டு மணி கழிந்து இருபது நிமிஷம் ஆனபோது இடி முழங்கிற்று. தலிபார் சொல்லித் தந்திருந்தபடியே, கண்ணாடிக் குப்பியைக் கைப்பிடியாகக் கொண்ட ஒரு பித்தளைக் கம்பியை எடுத்துக்கொண்டு கிழவர் ஓடினார். அதை இரும்புக்கு அருகே நீட்டினார். சுடர்விடும் சிறு பொறியொன்று சடசடவென்று தாவிற்று. இரண்டாம் முறை அதைவிடப் பெரிய பொறி எழுந்தது. உடனே பக்கத்து வீட்டாரைக் கூவியழைத்து, ஊர்ப் பாதிரியார் ரோலேயை அழைத்துவரச் சொன்னார். பாதிரியார் அரக்கப்பரக்க ஓடுவதைக் கண்ட கிராமத்தார், கோவாபியே இடி விழுந்து மாண்டுவிட்டார் என்றே எண்ணி, ஆலங்கட்டி மழையையும் பொருட்படுத்தாமல் அவர் பின்னால் ஓடினார்கள். ஓடிவந்தவர்கள் கண்டது பிணத்தை அன்று. கம்பியின் அடியில் நீலப்பொறிகளை வரவழைத்துக்கொண்டிருந்த கிழவரை.

பாதிரியாரும் அஞ்சவில்லை. தாமே பித்தளைக் கம்பியை வாங்கிக்கொண்டு, சுமார் நான்கு நிமிஷ நேரத்துக்குள் ஆறு முறையாவது பொறியை எழுப்பினார். ஒவ்வொரு முறையும் அது இரண்டு சிறு ஜபங்கள் சொல்லும் நேரம் நீடித்ததாக அவர் கணக்குச் சொல்கிறார். கடிகாரம் கையில் இல்லாத இடத்தில், தினமும் தாம் சொல்லும் ஜபத்தையே கால அளவையாகக் கொண்ட அந்தக் கிராமப் பாதிரியாரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆர்வத்தில் சற்று நெருங்கிவிட்டபோது அவருடைய கையில் முழங்கைக்கு மேலே ஓர் அடி விழுந்தது. வெற்றுடம்பில் கம்பியால் அடித்தாற்போன்ற தழும்பு அங்கே கண்டது. திரும்பி வரும்போது அவர்மேல் கந்தக நாற்றம் வீசுவதாக ஊரார் சொன்னார்கள். பிராங்க்ளின் பன்னிரண்டு குணங்களுள் ஒன்றாகக் குறித்திருந்த அதே நெடி! அன்றைக்கே பாதிரியார் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கோவாபியேதான் பாரிஸுக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் கழித்து, மே 13-ஆம் தேதி, தலிபார் அச்செய்தியை விஞ்ஞானக் கழகத்தில் படித்தார். மின்னல் மின்சாரமே என்பது நிரூபணமாயிற்று. கோபுரத்துக்காகக் காத்திராமல் பட்டத்தையே கோபுரமாக்கிப் பிராங்க்ளின் செய்த பரிசோதனை அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதன் விவரத்தை அவர் அக்டோபர் 19-ஆம் தேதிப் பத்திரிகையில் வெளியிட்டார். அங்கேயும் நனைந்த சணல்நூல் மின்சாரத்தைச் சாவிவரை கொண்டுவந்தது. சாவிக்கும் கைக்கும் நடுவே கூரைக்கடியில் நனையாமல் காக்கப்பட்ட பட்டு நாடாதான் அவரைக் காப்பாற்றிற்று.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இடிமேகத்தின் கீழே 40 அடிக் கம்பியைப் பற்றி விளையாடியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? மின்னல் அந்தக் கம்பியில் விழவே இல்லை என்பதுதான் விடை. மேகத்தின் உட்புறத்தில் சிறு பனித்துகள்களும் கனத்த பனிமணிகளும் ஒன்றோடொன்று இடைவிடாமல் மோதுகின்றன. மோதலில் கனத்த மணிகள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் பெற்றுக் கீழே தங்க, இலேசான துகள்கள் நேர்மின்னேற்றத்தோடு மேலே அடித்துச் செல்லப்படுகின்றன. இவ்வாறு அடிவயிற்றில் எதிர்மின்னேற்றத்தைச் சுமந்த மேகம் கம்பிக்கு மேலே வந்து நின்றதும், கம்பியிலுள்ள எலெக்ட்ரான்கள் தம் இனத்தைக் கண்டு விலகிக் கீழ்முனைக்கு ஓடுகின்றன. புட்டிகள் இல்லாவிட்டால் அவை மண்ணுக்குள் இறங்கி மறைந்திருக்கும்; ஒரு பொறியும் தோன்றியிராது. புட்டிகள் வழியை அடைத்ததனால் அவை கீழ்முனையில் நெருக்கியடித்து நிற்கின்றன. மற்றொரு கம்பி அருகே வந்ததும் தாவிக் குதிக்கின்றன. மேகம் கம்பியைத் தொடவில்லை. எட்ட நின்றே தூண்டிற்று. ஆனால், மேகம் எட்டவே நிற்கும் என்பதற்கு யார் பிணை?

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து விஞ்ஞானக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர் கியோர்க் வில்ஹெல்ம் ரிச்மன். மற்றவர்கள் பொறியைக் கண்டு வியந்ததோடு நின்றுவிட, இவர் அதை அளந்து பார்க்க விரும்பினார். தம் வீட்டுக் கூரையில் கம்பியை நாட்டி, அதன் தொடர்ச்சியை அறைக்குள் கொண்டுவந்து, ஓர் உலோகச் சட்டத்தில் முடித்தார். சட்டத்தோடு ஒட்டி ஒரு நூல் தொங்கிற்று. மின்னேற்றம் வந்ததும் நூல் சட்டத்தைவிட்டு விலகி எழும்; எத்தனை பாகை எழுந்தது என்பதை அருகிலிருந்த அளவுகோல் காட்டும். மின்சாரத்தை எண்ணால் குறிக்க முயன்ற முதற்கருவிகளுள் அது ஒன்று. 1753-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி கழகத்தின் கூட்டத்தில் இருந்த ரிச்மன், இடியோசை கேட்டதும், தம் கருவியைச் சித்திரமாகத் தீட்டவேண்டியிருந்த செதுக்குக்கலைஞர் சோகலோவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். நூலின் கோணத்தைப் படிக்க வேண்டுமே என்று அவர் கருவியை நெருங்கிய சமயத்தில், கம்பியிலிருந்து வெளிர்நீலத் தீயுருண்டை ஒன்று, ஓரடி இடைவெளியைத் தாண்டி, அவர் நெற்றியில் பாய்ந்தது. சோகலோவ் தரையில் தூக்கி எறியப்பட்டார்; கதவின் நிலை பிளந்தது. ரிச்மனின் நெற்றியில் ஒரு சிவந்த புள்ளி. இடக்காலின் பாதரட்சை கிழிந்திருந்தது. நெற்றியில் நுழைந்து, காலின் வழியே மண்ணுக்குப் போய்விட்டது மின்னல்.

அதே நேரத்தில் அதே நகரத்தில், அவருடைய நண்பர் லொமனோசவும் தம் வீட்டில் அத்தகைய கம்பியின் அருகே நின்று பொறி எழுப்பிக்கொண்டிருந்தார். உணவு ஆறிப்போகிறது என்று மனைவி வற்புறுத்தவே, மின்சாரமும் தணிந்திருக்கவே, சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தார். சில நிமிஷங்களுக்குள் ரிச்மன் வீட்டு வேலையாள் அழுதுகொண்டே கதவைத் திறந்தான். அன்றைக்கே லொமனோசவ் பிரபு ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு வேண்டுகோள்கள் இருந்தன: இறந்தவரின் மனைவி மக்களுக்கு உதவித்தொகை வேண்டும் என்பது ஒன்று, இந்த மரணத்தைக் காரணமாக்கி விஞ்ஞான வளர்ச்சிக்கு யாரும் தடை சொல்லிவிடக் கூடாது என்பது மற்றொன்று. நண்பனின் சடலத்தைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதிய கடிதம் அது.

ரிச்மன் மூடத்துணிச்சல் கொண்டவர் அல்லர். அவர் செய்தது கோவாபியே செய்ததே, நேர்ந்தது வேறு. மார்லியில் மேகம் எட்ட நின்றது. பீட்டர்ஸ்பர்க்கில் அவ்வாறு நிற்கவில்லை. அவருடைய கம்பிக்கு மண்ணுக்குச் செல்லும் வழி இல்லை. பிராங்க்ளின் சொன்ன மெழுகுக் கைப்பிடியும், நிலத்தோடு இணைந்த இரண்டாம் கம்பியும் அங்கே இல்லை. மேகத்துக்கும் மண்ணுக்கும் நடுவே எஞ்சிய ஒரே பாலம் அந்தப் பேராசிரியரின் உடம்புதான்.

அந்தப் பாலத்தை மனிதனுக்குப் பதிலாக உலோகத்தால் அமைத்துவிடுவதே இடிதாங்கியின் தத்துவம். பிராங்க்ளின் தம் 1753-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் அதன் முறையை எல்லாருக்கும் பொதுவாக அறிவித்தார். காப்புரிமை என்று ஒரு காசும் கேட்கவில்லை. கம்பியின் மேல்முனை வீட்டின் உச்சிக்கு ஆறு அல்லது எட்டு அடி மேலே இருக்கட்டும். கீழ்முனை ஈரமண்ணில் மூன்று அல்லது நான்கு அடி ஆழம் இறங்கட்டும் என்பது அவர் சொன்ன விதி. கூர்முனை மேகத்தின் மின்சாரத்தை ஓசையின்றி உறிஞ்சி மின்னலே விழாமல் செய்துவிடும் என்று அவர் தொடக்கத்தில் பெரிதும் நம்பினார். மேகத்தின் பேராற்றலுக்கு முன் அந்த உறிஞ்சல் மிக அற்பம். கம்பி மின்னலைத் தடுப்பதில்லை. தன்மேல் ஏற்று, கட்டடத்தைத் தீண்டாமல் மண்ணில் விடுகிறது. தமிழில் நாம் அதற்கு இட்ட பெயர் இடிதடுப்பான் அன்று, இடிதாங்கி. அதன் உண்மைத் தொழிலை இதைவிடச் சரியாகச் சொல்லும் சொல் வேறில்லை.

அது தாங்கவேண்டிய சுமை எளிதானதா? மேகத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்பாதை சுமார் 50 மீட்டர் அளவான படிகளாகத் தாவித்தாவி இறங்கி வருகிறது. நிலத்திலிருந்து ஒரு கீற்று அதை எதிர்கொண்டு எழுகிறது. இரண்டும் சந்தித்த கணத்தில், நாம் மின்னல் என்று காணும் பேரொளி கீழிருந்து மேல்நோக்கிப் பாய்கிறது. அப்போது ஓடும் மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். பாதையிலுள்ள காற்றின் வெப்பம் சூரியனுடைய மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு. அந்தக் காற்று திடீரென விரிந்து அதிர்வதே இடியோசை. தம் வீட்டுக் கம்பியில் மணிகளைக் கட்டி மேகங்களைச் சோதித்த பிராங்க்ளின், அவை பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டவை என்றும், ஆகவே மேகம் பூமியைத் தாக்குவதைவிடப் பூமி மேகத்தைத் தாக்குவதே மிகுதி என்றும் 1753-இலேயே எழுதினார். அக்காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு அவர் செய்த அந்த அனுமானத்தை எண்ணும்தோறும் எனக்குப் பிரமிப்பு உண்டாகிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஐரோப்பாவில் பல காலம் இடி முழங்கும்போது மாதாகோயில் மணிகளை அடித்து அதை விரட்டும் வழக்கம் நீடித்தது. ஊரில் மிக உயர்ந்த கோபுரம். அதன் உச்சியில் உலோக மணி. மணியிலிருந்து தொங்கும் ஈரக்கயிறு. கயிற்றின் நுனியில் மனிதன். ரிச்மனின் அறையைப் போன்ற அமைப்பு இது. 1784-இல் ம்யூனிக் நகரில் வெளிவந்த நூலொன்று, 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களில் இடி விழுந்து, மணியடித்த 103 பேர் மாண்டதாகக் கணக்குக் காட்டிற்று.

அண்மையில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தின் பக்கமாக நடந்துபோனேன். உச்சியில் இடிதாங்கியின் சூலம் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து சுவரோரமாக இறங்கிவந்த தாமிரப்பட்டையைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே வந்தேன். தரைக்கு ஆறடி உயரத்தில் அது முடிந்துபோயிருந்தது. யாரோ தாமிரத்துக்காக அறுத்துச் சென்றிருக்கிறார்கள். அறுபட்ட முனையின்மேல் சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். அதன் அடியில் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கும் திண்ணை. மண்ணைத் தொடாத அந்தக் கம்பி இடிதாங்கி அன்று. அது ரிச்மனின் கம்பி. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ, ஆலயத்திலோ, நீங்கள் குடியிருக்கும் அடுக்குவீட்டிலோ இடிதாங்கி இருந்தால், அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை அதன் உச்சியைப் பார்ப்பதை விட்டு அடியைப் பாருங்கள். பட்டை அறுபடாமல் ஈரமண்ணுக்குள் இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கவில்லையானால், பொறுப்பில் உள்ளவர்களிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.